கவர் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்

எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் போன வாரம் ஊர்க் குப்பையைப் பிரித்துப் பார்த்தார்கள். அதிகம் கிடந்தது மீன் வாங்கிய பிளாஸ்டிக் கவர்தான்.

எட்டாவது படிக்கும் என் பேத்தி காவியா பிரேயரில் மைக்கைப் பிடித்து, "எங்க ஆயா இனிமே கவர்ல மீன் தராது" என்று சொல்லிவிட்டாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். பெருமை தாங்காமல் என்னோடு மீன் விற்கிற எல்லாரிடமும் சொன்னேன். மிச்சமிருந்த கவர் கட்டை எறியத்தான் மனசு வரவில்லை.

இன்று சாயங்காலம் அவளுடைய டீச்சரே வெறுங்கையோடு வந்தார்.

"அரை கிலோ இறால் கவர்ல போடுங்கம்மா."

பக்கத்திலேயே காவியா. நான் கவரை எடுத்தால் அவள் நாளைக்குப் பிரேயரில் எந்த முகத்தோடு நிற்பாள்?

"கவர் இல்லைங்க டீச்சர்" என்று லேசாக நகர்ந்தேன். எனக்குக் கீழே சரசரவென்று சத்தம்.

"இன்னா ஆயா சத்தம்? எழுந்திரு."

"காலு மரத்துப் போச்சுடி."

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் சாப்பாட்டு டப்பாவை நீட்டினார். இறாலோடு கிளம்பிவிட்டார்.

காவியா கிளம்பவில்லை. எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

"கால் சரியானதும் சொல்லு ஆயா, ஒண்ணாவே போலாம்."

கூடை காலி. பொழுது சாய்கிறது. எழுந்திருக்க யாராவது ஒரு வழி சொல்லுங்களேன்.