அந்த அக்காவைத் தவிர யாரையாவது அனுப்பும்

சபையில் எழுந்து நிற்கிறவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லுவார்கள், ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லுவார்கள். நான் என் பொறாமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை மறைத்தால் இது பாதிச் சாட்சிதான். கேட்டுவிட்டு, இவளா இப்படி என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். என் வீட்டுக்காரர் அயர்ன் மாஸ்டர். போன வருஷம் ஆடி மாதம் அவருக்கு விடாத இருமல். அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் போதாது, தினமும் முட்டை கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அதே நேரம் பார்த்துக் கம்பெனியில் ஆர்டர் இல்லை. எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அவரோ அயர்ன் பெட்டியைத் தூக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிற அளவுக்கு மெலிந்து போனார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

கடையில் வாங்குவதை எதையெல்லாம் நிறுத்தலாம் என்று யோசித்தேன். பெயிண்ட் வாளியில் தக்காளி வைத்தேன். கீரை விதைத்தேன். வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர் ஓரம் கொஞ்சம் இடம் இருந்தது. ஓனரிடம் கேட்டுவிட்டு நான்கு நாட்டுக்கோழி வாங்கி விட்டேன்.

பிரச்சினை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே சரஸ்வதி அக்கா தனியாக இருந்தார்கள். புருஷன் இறந்து இரண்டு வருஷம். இப்போது மரியாதையாகச் சொல்கிறேன். அப்போது மனசுக்குள் அவள், இவள்தான். அவள் வீட்டில் முருங்கை காய்த்துத் தொங்கும். பூசணி கூரை மேல் ஏறிக் கிடக்கும். பத்துக் கோழியும் போட்டி போட்டுக்கொண்டு முட்டையிடும். என் நான்கில் கருப்பி ஒன்றுதான் முட்டை வைத்தது, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுவருக்கு அந்தப் பக்கம் கோழி கொக்கரிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். ஆண்டவரே, நான் உபவாசம் இருக்கிறேன், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறேன், உம்மிடம் ஒரு வார்த்தை கேட்காதவளுக்குக் கூடை நிறைய, எனக்கு ஒன்றா என்று சண்டை போட்டேன்.

ஒரு நாள் அக்கா சுவர் மேலாகக் கிண்ணத்தில் நான்கு முட்டை நீட்டினார்கள். “அவருக்குக் குடு கண்ணு” என்றார்கள். எங்கள் கோழியே நிறையப் போடுகிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு ரசமும் சோறும்தான். அவர் உடம்பை விட என் வீம்பு எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

அக்கா தன் கோழிகளுக்கு வைக்கோல் போட்டுத்தான் கூடு வைத்திருந்தார்கள். நான் அதை எட்டிப் பார்த்தேன். இவள் வைக்கோல் போட்டால் நான் மெத்தையே போடுகிறேன் என்று கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை கொண்டுவந்தேன். நல்ல காட்டன் துணி, பூப்போல இருக்கும். பிரித்துப் பிரித்து நான்கு கூட்டிலும் அடைத்தேன். அன்று முழங்கால் போட்டபோது வாயில் வந்த ஜெபத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் கூடு நிறையட்டும், அவள் கூடு காலியாகட்டும். அப்படித்தான் கேட்டேன்.

காலியானது என் கூடுதான். பத்து நாளில் ஒரு கோழி தீனி எடுக்காமல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. திங்கட்கிழமை செத்தது. வியாழக்கிழமை இன்னொன்று. எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் கண்தான் பட்டுவிட்டது. தினமும் சுவர் வழியாக எங்கள் வீட்டையே பார்க்கிறாளே! பேச்சை நிறுத்தினேன். சுவர் மேல் பழைய பெட்ஷீட்டைக் கட்டி மறைத்தேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. மத்தியானம் பார்த்தால் கருப்பி மண்ணில் சாய்ந்து கிடக்கிறது. அதுவும் போனால் அவருக்கு நாளுக்கு அரை முட்டை என்ற கணக்கும் இல்லை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து ஜெபித்தேன். நீளமாக வரவில்லை. ஆண்டவரே, என்ன செய்வதென்று தெரியவில்லை, யாரையாவது அனுப்பும் என்றேன். சொன்ன வேகத்தில், அந்த அக்காவைத் தவிர என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆண்டவருக்கே நிபந்தனை போட்டவள் நான்.

ஆமென் சொல்லி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பின்பக்கத் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு சரஸ்வதி அக்காவே வந்து நின்றார்கள். கோழி சத்தம் இரண்டு நாளாக ஒரு மாதிரி இருக்கிறதே என்று பார்க்க வந்தார்களாம். நான் வா என்று கூடச் சொல்லவில்லை. அவர்கள் பாட்டுக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருப்பியின் கழுத்துக்குக் கீழே தீனிப்பையை அமுக்கிப் பார்த்தார்கள். பிறகு என் கூட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“உள்ளுக்குள்ள நூலு அடைச்சுக் கெடக்குது கண்ணு. துணியப் போயி யாராச்சும் கூட்டுல போடுவாங்களா? புழுவுன்னு நெனச்சு நூலு நூலா உருவித் தின்னிருக்குது” என்றார்கள்.

கண்ணும் இல்லை, காத்தும் இல்லை. அவளை விட நல்ல கூடு வைக்கிறேன் என்று என் கையாலேயே இரண்டு கோழியைக் கொன்றிருக்கிறேன்.

அக்கா புது பிளேடும் வெந்நீரும் உப்பும் கேட்டார்கள். நான் ஊசியையும் நூலையும் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தேன். இறகைப் பிடுங்கி, தோலைக் கீறி, பையைக் கீறினார்கள். உள்ளே இருந்து சிவப்பும் நீலமுமாக நூல் உருண்டை உருண்டையாக வந்தது. எந்தப் பீஸ், எந்த ஆர்டர் என்று என்னால் சொல்ல முடிந்தது. கழுவி முடித்ததும் அக்கா கோழியை என் பக்கம் திருப்பி, “எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. தைக்கறது உன்ற வேலை” என்றார்கள். லட்சம் பீஸ் தைத்திருப்பேன். இந்த ஏழெட்டுத் தையலை ஒவ்வொன்றாக எண்ணித்தான் போட்டேன். முதலில் பையை, அப்புறம் தோலை. அக்கா மஞ்சள் பூசிக் கருப்பியைக் கூடைக்குள் வைத்தார்கள். மிச்சமிருந்த கோழியையும் பிடித்துப் பார்த்து, இது தின்னவில்லை, தப்பித்தது என்றார்கள்.

அவர்கள் கை கழுவும்போது என்னால் அடக்க முடியவில்லை. நீங்கள் நீட்டிய முட்டையைப் பொய் சொல்லித் திருப்பியது, உங்கள் கூடு காலியாக வேண்டும் என்று கேட்டது, உங்கள் கண்ணைப் பழித்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். “ஒங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமைக்கா” என்றேன்.

அக்கா கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

“நானும் உன்னையத்தான் பார்த்துட்டு இருந்தேன் கண்ணு. கருப்பி போட்ட ஒத்த முட்டைய உரிச்சு, உப்புத் தொட்டு, அவரு கையில குடுப்பே பாரு. எனக்கு அப்படியே பொறாமையாப் பொசுபொசுன்னு வரும். எங்க ஊட்டுல கூடை நெறைய கெடக்குது, உரிச்சுக் குடுக்க ஆளில்லை. அதுதான் சுவத்துமேல நீட்டுனேன். அதையும் நீ வேண்டாம்னுட்ட” என்றார்கள்.

நான் அவர்கள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், “ஏட்டி, கோழி செத்துப் போச்சா?” என்று கேட்டார்.

கோழி சாகவில்லை. ஒரு வாரம் மோரும் கரைத்த கம்பங்கூழும் கொடுத்தோம். இருபது நாளில் முட்டை வைத்தது. அதுவரைக்கும் அவருக்கு முட்டை சரஸ்வதி அக்கா வீட்டிலிருந்துதான் வந்தது. தினமும் கை நீட்டி வாங்கினேன். சும்மா சொல்லக் கூடாது, முதல் சில நாள் அந்தக் கையை நீட்டுவது கஷ்டமாகத்தான் இருந்தது. தை மாதம் மாத்திரை முடிந்து மறுபடியும் சளி பார்த்தார்கள். நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கு அவர் மறுபடியும் அயர்ன் டேபிளில் நிற்கிறார். ஆண்டவருக்கே மகிமை.

பொறாமை என்னை விட்டு ஓடிவிட்டது என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். இன்றும் அவர்கள் பூசணியைப் பார்த்தால் சுருக்கென்கிறது. ஆனால் சுருக்கென்ற உடனே அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபித்துவிடுகிறேன். நீங்களும் யாரைப் பார்த்தால் வயிறு எரிகிறதோ அவர்கள் பெயரை முதலில் சொல்லிப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லுங்கள். உதவி எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்று மட்டும் ஆண்டவருக்கு யோசனை சொல்லாதீர்கள்.

சுவர் மேல் கட்டிய பெட்ஷீட்டை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். காலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுகிறார்கள். இரண்டு முட்டை வேகவைக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு நான் உரிக்க வேண்டியதில்லை, அவரே உரித்துக்கொள்கிறார். அக்காவுக்கு நான் உரித்துக் கொடுக்கிறேன்.