என் தங்கைக்கு என் போன் அனுப்பிய வாழ்த்து

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, கொழுந்தனார் பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் சொந்தத்தில் யார் எந்தத் தேதியில் பிறந்தார்கள் என்று கேளுங்கள், காகிதம் பார்க்காமல் சொல்வேன். அன்றைக்குக் காலையில் காபி ஆனதும் அவர்களுக்குப் போகிற முதல் போன் என்னுடையதுதான்.

இது என் பேத்திக்குப் பொறுக்கவில்லை. மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பாதி, இந்த ஊர் உருது பாதி.

“கைக்கு பாட்டி, ஏன் இவ்ளோ கஷ்டம்? நக்கோ, வேணாம். நீ டேட் மட்டும் சொல்லு. போன் தானா அனுப்பிடும்.”

சொன்னேன். அங்கேதான் தப்பு. எனக்கு அவரவர் பிறந்த வரிசையில்தான் சொல்ல வரும். நடுவில் ஒருவரை விட்டால் அடுத்தவர் வாயில் வரமாட்டார். அந்த வரிசையில் என் தங்கையும் வந்துவிட்டாள்.

அவளோடு நான் பேசி மூன்று வருஷம். ஆட்டோவில் போகிற தூரம், திருமுல்கேரியில்தான் இருக்கிறாள். பேரனின் காதுகுத்துக்குக் குங்குமச் சிமிழோடு வீடேறி வந்து அழைக்காமல், போனில் ஒரு படத்தை அனுப்பினாள். நான் போகவில்லை. அவளாக வந்து நிற்கிறவரை பேசமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், அவளே போனில் கூப்பிடுகிறாள்.

“ஏன்க்கா, நான் படம் அனுப்பினா அவமானம். என் பொறந்தநாளுக்கு நீ அனுப்பினா மரியாதையா?”

பக்கத்தில் இருந்த பேத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

“கேக்கு மேல கரடி ஒண்ணு ஆடுது. அது யாரு, நீயா?”

அனுப்பியது நான் இல்லை, போன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னொரு மூன்று வருஷம் ஓடும். எனக்கு இருப்பது ஒரே தங்கை. அந்தக் குரலைக் கேட்ட பிறகு விட மனசு வரவில்லை.

“அது சும்மா தகவலுக்குடி. ஆளு பின்னாலயே வருது” என்றேன்.

தூக்கில் பாயசம், பூ, குங்குமம். ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வா, வா. கரடி வந்துருச்சு!”

சிரித்தாள். அப்புறம் அழுதாள். பாயசத்தில் ஏலக்காய் தூக்கல் என்று குறையும் சொன்னாள்.

இப்போது வாரம் ஒருமுறை வருகிறாள். “அக்காதான் முதல்ல இறங்கி வந்தா” என்று ஊரெல்லாம் சொல்கிறாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உண்மை தெரிந்தவள் பேத்தி ஒருத்திதான். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்.

கண்ணு, நான் எழுதினதை ஒருமுறை படித்துக் காட்டு. சத்தம் வெளியே கேட்காமல் படி. உன் சின்னப் பாட்டி உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.