பழைய பதிப்பும் ஓடாத காலை

அக்காவை நினைக்கும்போதெல்லாம், அவர் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட அந்தக் கணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே மிளகாய் மூட்டை இறக்கினால் மேலே நாங்கள் தும்முவோம். ஏழெட்டுப் பேர் மட்டுமே வேலை பார்த்த அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அவர்தான் மூத்தவர். ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான்.

எங்களுக்கு முக்கிய வாடிக்கையாளர் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். ஓமலூர், மல்லசமுத்திரம் போன்ற ஊர்களில் இருந்த கிளைகளில் ரத்தம் எடுத்துச் சேலத்துக்கு அனுப்புவார்கள். இங்கே பரிசோதித்த முடிவுகள் எங்கள் இணையச் சேவை வழியாக அந்தந்தக் கிளையின் திரைக்குப் போகும். அந்தச் சேவையில் திருத்தம் ஏதாவது செய்தால், புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றுவது அக்காவின் பொறுப்பு. ஏற்றி முடித்து, எல்லாக் கிளைகளிலும் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்கும்வரை அவர் டீ கூடக் குடிக்க மாட்டார்.

அன்று காலை ஏற்றியது மிகச் சின்னத் திருத்தம். அறிக்கையில் மருத்துவரின் பெயர் வரும் இடத்தை மாற்றியிருந்தோம், அவ்வளவுதான். ஏற்றியதும் எல்லாக் கிளைகளிலும் திரை வெறுமையாகிவிட்டது. அக்கா பதறவில்லை. இப்படி ஆனால் பழைய பதிப்பை உடனே மறுபடி ஏற்றிவிட வேண்டும், காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அதைத்தான் செய்தார். முந்தின நிமிடம்வரை ஓடிக்கொண்டிருந்த அதே பதிப்பு, இப்போது ஓட மறுத்தது. சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாகில் ‘இணைப்பு இல்லை’ என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. எதனோடு இணைப்பு இல்லை, ஏன் இல்லை என்பதெல்லாம் அதில் கிடையாது. எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்ட யாரோ எழுதிய நிரல் அது. உண்மையான காரணத்தை விழுங்கிவிட்டு அந்த வரியை மட்டும் காட்டியது. நெட்வொர்க்கைப் பார்த்தோம். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினோம். திருத்திய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. கேட்டவர்களிடமெல்லாம் நாங்கள் ‘பத்தே நிமிஷம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

மல்லசமுத்திரம் கிளையிலிருந்து வந்த அழைப்பை அவர்தான் எடுத்தார். அங்கிருந்த பெண்ணிடம் போனை வாங்கி ஒருவர் பேசினார். அவருடைய மனைவி நிறைமாதக் கர்ப்பிணி, காய்ச்சலில் கிடந்தார்.

“ஏனுங்க, பிளேட்லெட் எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பறதா வேண்டாமான்னு சொல்ல முடியும்ங்கறாரு டாக்டர். எப்பங்க வரும்?”

“தெரியலீங்க. உங்க நம்பரைக் குடுங்க, நானே கூப்பிடறேன்,” என்றார் அக்கா.

அப்போதுதான் அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், “பழசும் ஓடலீன்னா தப்பு புதுசுல இல்ல, சாமி. நாம எடம் மாறித் தேடிக்கிட்டு இருக்கறோம். நீ இங்க பாத்துக்க, நான் லேபுக்குப் போறேன். மெசின்ல ரிசல்ட் இருக்கும், அதைப் பாத்தாவது சொல்லிரலாம்,” என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

பரிசோதனை நிலையத்தில் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, ரத்த மாதிரியின் எண்ணை இரண்டு முறை சரிபார்த்து, அந்தக் கணவருக்குப் போனில் சொல்லியிருக்கிறார். பிளேட்லெட் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தது. அவர்கள் உடனே வண்டி வைத்துக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார்கள். அதன் பிறகுதான் அக்கா அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவரிடம், சமீபத்தில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டார். முடிவுகள் சேரும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டைப் போன வாரம் மாற்றியதாக அவர் சாதாரணமாகச் சொன்னார். “எதும் நிக்கலீங்களே, அதனாலதான் சொல்லல.” எங்கள் சேவை அதற்கு முன்பே பழைய பாஸ்வேர்டில் உள்ளே போய், வெளியே வராமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. புதிய பதிப்பை ஏற்ற அன்று காலை நிறுத்தியதும் மறுபடி உள்ளே போக வழியில்லாமல் போய்விட்டது. புதிய பாஸ்வேர்டைக் கொடுத்ததும் சேவை எழுந்துகொண்டது.

நடந்ததற்குப் பரிசோதனை நிலையத்தார் விளக்கம் கேட்டார்கள். அவர்கள் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றியதையும், எங்கள் நிரல் காரணத்தை மறைத்ததையும் சேர்த்து, அக்கா உள்ளதை உள்ளபடி எழுதினார். அது அவர்களுக்கும் பிடிக்கவில்லை, எங்கள் முதலாளிக்கும் பிடிக்கவில்லை. “நம்ம தப்புன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுதுல்லங்கக்கா?” என்றார் முதலாளி. “அதுவும் போட்டிருக்கறேனுங்க,” என்றார் அக்கா. யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சின்னத் திருத்தத்துக்கும் நாலு பேரிடம் அனுமதி, அதைப் பற்றி ஒரு கூட்டம் என்றானது. சில மாதங்களில் அக்கா வேலையை விட்டுவிட்டார். இந்தச் சலிப்பினால்தான் போய்விட்டார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ராசிபுரத்தில் அவருடைய தம்பியின் ஜவுளிக்கடையில் அவரைப் பார்த்தேன். பில் போடும் மேசையில் உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பேச்சு அந்தக் காலைக்குப் போனது.

“அந்த மாசமா இருந்த பொண்ணோட ஊட்டுக்காரரு பொறகு ஒரு நாள் கூப்பிட்டாரு,” என்றார். “கொழந்த பொறந்திருக்குது, ரெண்டு பேரும் நல்லாருக்கறாங்கன்னு சொன்னாரு. நீங்க மட்டும் நேரத்துக்குச் சொல்லலீன்னா என்ன ஆயிருக்குமோன்னு அழுதாரு. ரிசல்ட் காலையிலயே வந்திருக்க வேண்டியதுங்க, எங்களாலதான் நேரமாச்சுன்னு சொல்ல வாய் வரல சாமி. நல்லாருங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். மறுநா புதுசு ஒண்ணு ஏத்தறதுக்கு உக்காந்தேன். கையே ஓடல.”

கடைக்கு ஆட்கள் வந்தார்கள். நான் விடைபெற்றுப் பஸ் ஏறினேன். அவருடைய பொறுப்பை இப்போது நான் பார்க்கிறேன். எத்தனையோ முறை சேவை விழுந்திருக்கிறது, எழுப்பியிருக்கிறோம். அந்த நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தவர்களில் ஒருவர்கூட, பிறகு என்ன ஆயிற்று என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். யாரும் கூப்பிடாததால்தான் நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன் போலிருக்கிறது.