தூண்டில் கம்புக்கு வைத்த பொட்டு

எங்கள் தாம்பரம் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அம்மாவுக்குக் கை நிற்காது. அப்பாவின் ஸ்கூட்டர், தன் தையல் மெஷின், என் புத்தகங்கள், அரிவாள்மனை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவாள். சும்மா நின்றால் நமக்கும் வைத்துவிடுவாள்.

அப்போது மாமா எங்களோடுதான் இருந்தார். அம்மாவின் தம்பி. கப்பலில் வேலை செய்தவர், கால் உடைந்து ஊர் திரும்பியபின் சரியான வேலை எதுவும் அமையவில்லை. கப்பலிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு பெரிய தூண்டில் கம்பு. ஏரியில் கெண்டை பிடிக்கிற கம்பு இல்லை, கடல் மீனுக்கானது. தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களில் ஒவ்வொன்றிலும் குட்டி உருளை ஒன்று இருக்கும். பெரிய மீன் இழுக்கும்போது உருளை சுழலவேண்டும், சுழலாவிட்டால் நரம்பு உரசி அறுந்துவிடும் என்று மாமா சொல்லியிருந்தார். தாம்பரத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய வேட்டியில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்.

அந்த வருஷம் கோவளம் பக்கத்து ஹோட்டல் ஒன்றில், விருந்தாளிகளைப் படகில் மீன்பிடிக்க அழைத்துப்போக ஆள் தேடினார்கள். விஜயதசமி காலையில் கம்போடு வா, கடலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். மாமாவின் முகமே மாறிவிட்டது. முதல் நாள் பூராவும் உருளைகளைக் கழற்றி, உப்புப் பொருக்கை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு மாட்டினார். விரலால் தட்டினால் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் சுற்றியது. எனக்கு அதைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் அம்மா அந்தக் கம்பையும் பூஜையில் வைத்தாள். சுற்றுகிற பொருளுக்குச் சுற்றுகிற இடத்தில்தான் பொட்டு என்பது அவள் கணக்கு. தையல் மெஷினுக்குச் சக்கரத்தில், கம்புக்கு உருளைகளில். குழைத்த சந்தனம் தாராளமாக விழுந்தது. மாமா பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்புறம் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. விடிந்ததும் பூஜையை முடித்துவிட்டு அம்மாதான் முதலில் ஓர் உருளையைத் தட்டினாள். அது அசையவில்லை. சந்தனம் இடுக்கில் இறங்கி, எண்ணெயோடு சேர்ந்து காய்ந்து கெட்டியாகியிருந்தது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, நானே கெடுத்துட்டேனேடா!"

"விடுக்கா. பஸ்ல போகும்போதே பாத்துக்கலாம். நீயும் வா, எனக்குக் கை பத்தாது."

அடுத்து வரும் கோவளம் பஸ்ஸை விட்டால் படகு கிளம்பிவிடும். அம்மா எண்ணெய் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். முந்தின நாள் மிஞ்சிய பொரிப் பொட்டலத்தோடு நானும் ஏறினேன்.

பஸ் குலுங்கிய குலுக்கலில் மாமா திருகாணிகளைக் கழற்ற, அம்மா புடவை முந்தானையை மடியில் விரித்துப் பிடித்துக்கொண்டாள். தன் கொண்டை ஊசியால் இடுக்குகளைச் சுரண்டினாள். மாமா ஈரத்துணியால் துடைத்து, காயவைக்க என்னிடம் நீட்டினார். நான் ஜன்னல் காற்றில் பிடித்தேன்.

"இன்னா சார், பஸ்ஸுலயே ஒர்க்ஷாப் நடத்திகினு கீறே?" என்றார் கண்டக்டர். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கம்பு நீளாமல் அவரே ஒரு கை பிடித்துக்கொண்டார்.

"ஒரு சொட்டு போதும்க்கா. நிறைய விட்டா மணல் ஒட்டிக்கும்" என்றார் மாமா. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக விட்டாள். கோவளம் வருவதற்குள் எல்லா உருளைகளும் சுற்றின. நுனி வளையத்தின் சட்டத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தை அம்மா துடைக்கப் போனாள். "அது இருக்கட்டும்" என்று மாமா தடுத்துவிட்டார்.

கரையில் தொப்பி போட்ட ஹோட்டல் மேனேஜர் உருளைகளைத் தட்டிப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மாமாவைப் படகில் ஏற்றிக்கொண்டார். அம்மா மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியபின் படகு திரும்பியது. மாமா இரண்டு கையாலும் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நரம்பு அறுந்துபோகலக்கா! திங்கட்கிழமையிலேந்து வரச் சொல்லிட்டாங்க!"

அம்மா அழுதாள். மீன் கிடைத்ததற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அதைவிடப் புரியாதது திரும்பிவரும் பஸ்ஸில் நடந்தது. அதற்கு முந்தின வருஷ ஆயுத பூஜையன்று, பீரோவுக்குப் பின்னால் இருந்த கம்பைத் தவிர எல்லாருடைய பொருளுக்கும் அம்மா பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, மாமா தன் பங்குப் பொரியை என்னிடம் கொடுத்துவிட்டு, காற்று வாங்கிவிட்டு வருவதாக ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார். அவருக்குப் பொரி பிடிக்காது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அந்த வருஷமும் அவர் பங்கு எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். அவரோ கம்பை மடியில் சாய்த்துக்கொண்டு, என் பொட்டலத்துக்குள் கையை விட்டு, அள்ளி அள்ளித் தின்றார். அம்மா அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாம்பரம் வரும்வரை நான் இரண்டு பேரோடும் பேசவில்லை.