பக்கத்துக் கட்டில்காரரின் வயிறு

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனையில் கால் முறிந்து கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில், அருகிலுள்ள கோப்பெங் ஊரிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர். பூசணிக்காய் வயிறு, குச்சிக் கால்கள். தரை துடைப்பவரானாலும் நர்ஸானாலும், “சாப்டாச்சாலா?” என்று கேட்காமல் விடமாட்டார்.

அவருக்குக் குடல் எங்கோ ஒட்டிக்கொண்டு ஓயாத வலி. தொப்புளருகே சின்னத் துளை போட்டு, குழாய் விட்டுச் சரிசெய்துவிடலாம் என்று இளம் டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குப் போனவரோ வயிறு நெடுகத் தையலோடு திரும்பினார்.

குடலில் சத்தம் கேட்கும்வரை சாப்பாடு கிடையாது. டாக்டர் அடிக்கடி வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்ப்பார், வாடிய முகத்தோடு போவார்.

ஒரு மத்தியானம் அவரே வாய்விட்டுச் சொன்னார்: “துளையிலேயே முடிச்சிரலாம்னு நெனச்சேன் அண்ணே. உள்ள ரத்தம் வந்துச்சு, வயித்தத் திறக்க வேண்டியதாப் போச்சு. மன்னிச்சுக்குங்க.”

“உசிரோட இருக்கேன்லா, அப்புறம் என்ன? நீங்க சாப்டாச்சா டாக்டர்?”

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். லாரிக்காரர் விடவில்லை. என் அக்கா எனக்குக் கொண்டுவந்திருந்த மீன் குழம்புச் சோற்றை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், டாக்டருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். டாக்டர் கூச்சத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்தையும் லாரிக்காரர் கண்ணாலேயே விழுங்கினார்.

அப்போது அவர் வயிறு, மேட்டில் கியர் மாற்றும் லாரியைப் போல், கடமுடவென்று உறுமியது. டாக்டர் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“நீங்க சாப்டா எனக்குச் சரியாயிடும்னு தெரியும்லா,” என்றார் லாரிக்காரர்.

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே நம்பினாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அன்று பட்டினி கிடந்தது நான்தான். என்னை மட்டும் அவர் “சாப்டாச்சாலா?” என்று கேட்கவே இல்லை.