குண்டாற்றில் விட்ட சாமிகள்

போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகள், ஸ்டூல் போட்டுப் பரணை எட்டிப் பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே இறங்கினாள். “இத்தனை காலண்டர் அட்டையா? நாளப்பின்ன நீங்க இல்லாதப்ப இதையெல்லாம் நான் என்னப்பா செய்வேன்?” நல்ல நாளும் அதுவுமாய்க் கேட்கிற கேள்வியா என்று என் மனைவி முறைத்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. பசையும் பழைய அட்டையும் கரப்பானும் கலந்து மகளோடு இறங்கி வந்த அந்த வாசனையில் நான் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டிருந்தேன்.

அங்கே அப்பாவுக்குப் பாத்திரக்கடை, பின்னாலேயே வீடு. வருசா வருசம் கடைப் பெயரும் விலாசமும் போட்டுத் தினசரி காலண்டர் அடித்துக் கொடுப்பார். முருகன், லட்சுமி, பெருமாள் என்று ஏதாவது ஒரு சாமி. வீரசோழன் ஊர்ப் பாய்மார்களுக்கு மட்டும் ரோஜாப்பூ. தாளெல்லாம் கிழித்து முடிந்தால் அட்டையும் சாமியும் மிஞ்சும். சாமியை எப்படிக் குப்பையில் போடுவது என்று யாரோ கேட்க, வியாபார மும்முரத்தில் இருந்த அப்பா, “கடையில குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுறேன்” என்று சொல்லிவிட்டார். சும்மா இருந்திருக்கலாம். அடுத்த வருசத்திலிருந்து சுற்றுவட்டார ஜனம் முழுக்கப் பழைய சாமியைக் கொடுத்துப் புதுச் சாமியை வாங்கிப்போக ஆரம்பித்தது. பாய்மார்களும் விட்டுக்கொடுக்காமல் ரோஜாப்பூவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

சாமியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். பின்பக்கத்தில் மாடு கன்று போட்ட நாள் இருக்கும். பிள்ளைகள் வரைந்த பஸ் இருக்கும், டிரைவர் பஸ்ஸைவிடப் பெரிதாக. மானாவாரிக்காரர்கள் மழை பெய்த அன்றைக்கு ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து வானத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? சில வருசத்து அட்டைகள் வெறும் அட்டைகளாகவே வரும். கோடு கூடியிருந்தால் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். “பரளச்சிப் பக்கம் நல்ல மழை. வைகாசியில கல்யாணம் நெறைய இருக்கும். அண்டாவுக்குச் சொல்லி வைக்கணும்டா.”

அப்பா போனபின் அம்மாவை மதுரைக்கு என்னோடு கூட்டிவருவதாக ஏற்பாடு. வீட்டை ஒழித்தால் பாதி வீடு அட்டைகள்தான். பழைய பேப்பர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “சாமிய எடை போடச் சொல்றீகளேண்ணே, நான் குடும்பஸ்தன்” என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார். ஆற்றில் விடலாம் என்றாள் அம்மா. லோடு ஆட்டோ பிடித்துத் திருச்சுழிக்குப் போனோம். குண்டாற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான் இருந்தன. மணலில் அடுக்கிச் சூடம் காட்டினோம். “தண்ணி வாரப்ப அதுபாட்டுக்குப் போய்க்கிடும்” என்று அம்மா தனக்கே சொல்லிக்கொண்டாள்.

தண்ணீர் வருவதற்கு முன் பரளச்சிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். அந்த வாரமே, வாசலில், லோடு ஆட்டோவோடு.

“ஆத்து மணல்ல செதறிக் கெடந்துச்சு. எல்லாத்துலயும் உங்க கடை விலாசம் போட்டிருக்கு. லோடு ஏத்திப் போறப்ப விழுந்துருச்சு போல. ஒண்ணு விடாம பெறக்கியாந்துட்டேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். நாங்களே ஆற்றில் விட்டுவிட்டு வந்ததை எப்படிச் சொல்வது? அப்படியே இறக்கி வைத்துக் காப்பி கொடுத்தோம். டம்ளரைக் கீழே வைத்தவர் ஓர் அட்டையை எடுத்துத் தயங்கினார்.

“தம்பி, இது எங்க ஆத்தா போட்ட கோடு. எழுதத் தெரியாது, கரிக்கட்டையில இழுத்து விடும். இப்பிடிச் சாய்ஞ்சிருக்கு பாருங்க, அதுக்கு எடது கை. இப்ப ஆத்தா இல்ல. இத மட்டும் நான் எடுத்துக்கிடவா?”

அந்த வருசம் மழை குறைவு போலிருக்கிறது. இருந்த நாலைந்து கோடுகளையும் அவர் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா அழுதுவிட்டாள். அவர் போனதும், “உங்கப்பா சேத்து வச்சது நம்மளுது இல்லடா. இனிமே ஒண்ணக்கூட வெளிய போடாத” என்றாள். அப்படித்தான் சாமிகளும் ரோஜாப்பூக்களும் மதுரைக்கு வந்து பரணேறின. அதற்கப்புறம் எதையும் தூக்கிப்போட எனக்குக் கை வராமல் போனதற்கு நான் என்ன செய்ய? என் பங்குக்கு நாலு கட்டு சேர்த்தும் விட்டேன்.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லி, “நீ ஒண்ணும் கவலப்படாத. நீயும் குண்டாத்துல கொண்டுபோய் வச்சுரு. யாராச்சும் கொண்டாந்து சேத்துருவாக” என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. ஓர் அட்டையைத் துடைத்து, முருகனுக்குக் கீழே இருந்த கடை விலாசத்தை வாசித்தாள். அந்தக் கடையை விற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள். நாங்கள் குடியிருந்த இடம் அவர்களுடைய குடோன். அம்மாவும் இல்லை.

“கொண்டாந்து குடுப்பாங்கப்பா” என்றாள் மகள். “இந்த விலாசத்துல வாங்கிக்க யாரு இருக்கா?”