சக்கையின் வாசம்

பினாங்கில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஓர் அண்ணன் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தார். பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. ஒல்லியான உடம்பு, எப்போதும் முழங்கை வரை ரப்பர் கையுறை.

பாலிக் புலாவ் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் ஜாதிக்காயிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுப்பது எங்கள் வேலை. அதற்கான கரைப்பானை நாங்களே செய்வோம். இரண்டு வெள்ளைப் பொடிகளைக் கலந்து லேசாகச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே இரண்டும் உருகிவிடும். ஆறிய பிறகும் இறுகாமல் தேன் மாதிரி நிற்கும். அதில் ஊறவைத்து வடிகட்டிக் கழுவிய ஜாதிக்காய்த் தூள் வெறும் சக்கை. மரத்தூளுக்குக்கூட அதைவிட மணம் உண்டு.

அந்தச் சக்கையைக் கழிவு டப்பாவில் கொட்டுவதற்கு முன் அண்ணன் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார்.

"ஒண்ணுமே மிச்சமில்லண்ணே. மெஷின்லயே பார்த்தாச்சு."

"நல்லா வருது தம்பி. முன்னைவிட தூக்கலா வருது."

"எனக்கு வரலையே."

"உங்களுக்கு மூக்கு நல்லாருக்கு லா," என்றார் சாதாரணமாக. "கோவிட் வந்ததிலேருந்து எனக்கு எந்த வாசமும் தெரியாது. அடுப்புல மிளகாய்ச் சம்பால் கருகினாலும் தெரியாது. இது மட்டும்தான் வருது."

பாவம், மனப்பிரமை என்று நினைத்துக்கொண்டேன். போன வருடம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

சென்ற வாரம் எனக்குக் கடும் சளி. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, காலையில் குடித்த காப்பி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. சக்கையைக் கொட்டுவதற்காகக் கழிவு டப்பாவைத் திறந்தேன்.

ஜாதிக்காய் வாசம் தூக்கலாக வந்தது.